எட்டாவது கை

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. தாய்மார் கொழுந்தெடுக்கப் போக, பிள்ளைக்காம்பராவில் என் பொறுப்பில் பதினொரு பிள்ளைகள். ஈரத்துணி காயப்போட இடமில்லை. பால்மா முடியப் போகிறது, தோட்டத் துரையிடம் சொல்ல வேண்டும்.

பார்வதியை இன்று கிளினிக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பதாம் மாதம். தோட்டத்தின் மேல்பிரிவான எங்கள் மேல்கணக்கு லயத்திலிருந்து மெயின் ரோடு வரை கதிரையில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் கம்பு கட்டி, நாலு பேர் தூக்கி. வழக்கம்போல. வழியில் ஒருவர் வழுக்கிக் கதிரை சாய்ந்துவிட்டதாம். நல்லவேளை, விழவில்லை. எங்கள் வாசலில் இறக்கி வைத்தபோது சிரிக்கிறாள்.

"ராணி அக்கா, வியாழக்கிழம ரோட்ட வாங்கிட்டு வந்துருங்க. அடுத்த தடவ நான் வேன்ல போவணும்."

வியாழன் பிரதேச சபைக் கூட்டம். இந்த வருஷம் ஒரு ரோட்டுக்குத்தான் கொங்கிறீட். மேல்கணக்கு ரோடா, டவுனில் புது ஹோட்டலுக்குப் போகும் ரோடா என்று வாக்கெடுப்பு. பதினைந்து உறுப்பினரில் தமிழ் ஆள் நான் ஒருத்தி. தேர்தலுக்கு முன் மாரியம்மன் கோயிலில், எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, ரோடு கொண்டுவருவேன் என்று சத்தியம் பண்ணினேன். வலது கை.

ஒக்டோபர் 8, புதன்

சபைத் தவிசாளர் கூப்பிட்டனுப்பினார். தேத்தண்ணி, பிஸ்கட். பேச்செல்லாம் சிங்களத்தில். என்னை நங்கி, தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார்.

"நங்கி, ஹோட்டல் ரோடுதான் கட்சி முடிவு. உங்கள் கையையும் சேர்த்தால்தான் எட்டு."

ஒரு பிஸ்கட்டை மெதுவாகச் சாப்பிட்டார். பிறகு மகளை விசாரித்தார். உயர்தரம் முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். சபை நூலகத்தில் ஒரு இடம் இருக்கிறதாம், இரண்டு மொழியும் எழுதத் தெரிந்த பிள்ளை வேண்டுமாம். ரோட்டையும் வேலையையும் சேர்த்து அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கெட்டிக்காரர்.

எழுந்தபோது, "உங்கள் ஆட்கள் நல்லவர்கள், பொறுமையாக இருப்பார்கள்" என்றார். தலையாட்டினேன். அதற்குப் போய் ஏன் தலையாட்டினேன்?

ஒக்டோபர் 9, வியாழன்

ஹோட்டல் ரோட்டுக்குக் கையைத் தூக்கிவிட்டேன். எட்டுக்கு ஏழு.

காரணங்கள்:
1. கட்சி முடிவு. மீறினால் என்னை நீக்குவார்கள். பிறகு லயத்துக்குப் பேச ஆளில்லை.
2. அடுத்த வருஷம் உங்கள் ரோடு என்றார் தவிசாளர். (எழுத்தில் இல்லை.)
3. மகள்.

முதல் இரண்டும் திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக் கண்டுபிடித்தவை. கை மேலே போனபோது மூன்றாவது மட்டும்தான் மனதில்.

எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து பேசினார். சிங்களவர். எங்கள் தோட்டத்தில் அவருக்குப் பத்து ஓட்டுக்கூட விழுந்திருக்காது. "கர்ப்பிணிகளைக் கதிரையில் கட்டித் தூக்குகிறார்கள், நமக்கு வெட்கமாக இல்லையா?" என்று கேட்டார். நான் பேச வேண்டிய பேச்சு. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துரையிடம் பால்மா சொல்ல மறந்துவிட்டேன்.

ஒக்டோபர் 10, வெள்ளி

பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் காதில் விழுந்தது: "ராணி அக்கா ஒத்தையா நின்னு சண்ட போட்டாங்களாம். எல்லாவனும் சேந்து தோக்கடிச்சுட்டானுங்க."

யார் கிளப்பியதோ. நான் இல்லை. மறுக்கவும் இல்லை.

சாயங்காலம் பார்வதியின் மாமியார் மாரியாயி ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தார். "மனச உட்றாத ராணி. நீ பாடுபட்டது எங்களுக்குத் தெரியாதா?" சாப்பிட்டேன். சம்பல் ருசியாக வேறு இருந்து தொலைத்தது.

ஒக்டோபர் 14, செவ்வாய்

மகளுக்கு நூலகக் கடிதம். தீபாவளி முடிந்ததும் வேலை. வீடு முழுக்கக் குதித்தாள்.

"எப்படிம்மா நம்மளுக்குக் கெடச்சுச்சு?"

"நீதான் சிங்களம் நல்லா எழுதுறியே."

இவளிடமும் பொய்.

ஒக்டோபர் 17, வெள்ளி

கோயில் பூசை. மழை விட்டிருந்தது, நல்ல கூட்டம். சபைக் கூட்டக் குறிப்பு வந்துவிட்டது, சிங்களத்தில். லயத்தில் எல்லோரும் சிங்களம் பேசுவார்கள். வாசிப்பது நானும் மகளும்தான். தோட்டத் தலைவர் தாளை என் கையில் கொடுத்தார்.

"நம்ம ரோட்டத் தடுத்தவனுங்க பேர வாசிங்க. அடுத்த எலெக்சன்ல பாத்துக்கலாம்."

ஏழு பெயர் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு விழுந்தது. எட்டாவதில் நின்றேன். மடித்து வைத்திருந்தால் யாருக்கும் தெரியாது. மகள் மட்டும் என் தோளுக்குப் பின்னாலிருந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் பெயரை வாசித்தேன்.

மாரியாயிதான் முதலில் பேசினார்: "ஒம் பேரப் பொழையா அடிச்சுட்டானுங்க. நாளைக்கே போயித் திருத்தச் சொல்லு ராணி." ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லோரும்.

"பொழ இல்லீங்க. நான்தான் கையத் தூக்குனேன். மகளுக்கு வேல தர்றேன்னாங்க."

மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். பார்வதி சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்து பக்கத்தில் வந்தாள்.

"எனக்குத் தேதி இருவத்தி மூணு அக்கா. கதிரைய ஒரு பக்கம் நீங்க புடிப்பீங்களா?"

பிடிக்கிறேன் என்றேன். சத்தியத்துக்குக் கற்பூரம் யாரும் கொண்டுவரவில்லை.