கட்டைவிரலுக்குக் கீழே உங்கள் பெயர்

அண்ணே,

இன்று காலை ரப்பர் பசை டப்பாவைத் திறந்தேன். நெடி மூக்கில் ஏறியதும் நீங்களும் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. மனிதர் இன்னும் என் மேசையை விட்டுப் போகவில்லை.

சிங்கப்பூர் ஜூரோங்கில் நம் கப்பல் பட்டறையின் அறிமுகப் புத்தகத்தைப் புதுப்பிக்கச் சொன்னார்களே, அந்த வருடம்தான் எல்லாம் நடந்தது. அச்சடித்து நறுக்கிய வரிகளைப் போட்டுவைக்கப் பதினெட்டு பிஸ்கட் டின்கள் வைத்திருந்தீர்கள். கிரேன் பற்றிய வரிகள் ஒன்றில், கம்பெனித் தலைவரின் செய்தி இன்னொன்றில். எதை எங்கே ஒட்டுவது என்பது உங்களுக்கு மட்டுமே வெளிச்சம். நான் ஆங்கிலத்தில் விளம்பரப் புளுகு எழுதுகிறவன்.

எல்லா எழுத்தும் டின்னில்தான் இருக்கிறதே என்று, பக்கம் ஒட்டிய பழைய அட்டைகளைக் கட்டி, பழைய பேப்பர் வாங்கும் கராங்குனிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். இடம் சுத்தமானதில் பெருமை வேறு. டின்னில் இருப்பது திருத்திய வரிகள் மட்டும், மூலமெல்லாம் அட்டையில்தான் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு வேலை இன்னும் உறுதியாகவில்லை. வீட்டில் மனைவி நிறைமாதம்.

சுங்கை ரோட்டுப் பழைய சாமான் கடைகளையெல்லாம் கிளறினோம். கிடைத்தது தலைவரின் படம் ஒட்டிய ஒரே ஒரு அட்டை, அதுவும் தேக்கா மார்க்கெட்டில், கருவாட்டுக்கு அடியில்.

"என்ன ஐசே, தலைவர் இங்க நெத்திலிக்குக் காவல் நிக்கிறார், பாரும்!" என்றீர்கள்.

"அண்ணே, என் வேலை போச்சு லா," என்று அங்கேயே அழுதேன்.

"அழாதேயும். நெத்திலி இன்னும் உப்புக் கரிக்கும்."

மறுநாள் மேலாளர் யார் எறிந்தது என்று கேட்டார். நான் குனிந்து பசை டப்பாவை மூடினேன். "நான்தான்," என்றீர்கள் நீங்கள். பத்தொன்பது வருடச் சேவைக்குப் பரிசாக உங்களை ஸ்டோருக்கு அனுப்பி, போல்ட்டு நட்டுக்குக் காவல் வைத்தார்கள். உங்கள் நாற்காலி எனக்கு வந்தது.

"உமக்குப் பிள்ளை பிறக்கப்போகுது. எனக்கு ஓய்வுதான் பிறக்கப்போகுது. விடும்," என்றீர்கள். விட்டுவிட்டேன். பிரியாணி இரண்டு பொட்டலம் வாங்கிக் கொடுத்ததோடு என் மனசாட்சியும் ஏப்பம் விட்டது.

இப்போது அந்தப் புத்தகத்தை மறுபடியும் புதுப்பிக்கிறோம். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், தொகுத்தவர் என்று உங்கள் பெயரை ஒட்டினேன். இறந்தவர் பெயர் எதற்கு என்று புது மேலாளர் உரித்துவிட்டார். ரப்பர் பசையின் குணம் உங்களுக்குத் தெரியுமே, நகம் பட்டால் போதும். மறுபடி ஒட்டினேன். மறுபடி உரித்தார்.

இன்று மத்தியானம் அவர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன், அண்ணே. அன்றைக்கு அட்டைகளை எறிந்தது நான், நீங்கள் இல்லை என்று. இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்தது.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "எந்த அட்டை?" என்றார்.

அவ்வளவுதான். மன்னிக்க நீங்கள் இல்லை. திட்டுவதற்கும் ஆள் இல்லை. இப்போது யாரிடம் போய்ச் சொல்வேன்?

பக்கங்களை எடுத்துப்போக அச்சக வேன் நான்கு மணிக்கு வரும். மூன்றாம் முறையாக ஒட்டி, உங்கள் பெயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.