சேவ் செய்வதற்கு முன்

மார்ச் 4
எங்கள் மருத்துவமனைக் கணினியில் அறுவை சிகிச்சைக் காத்திருப்புப் பட்டியல் தலைகீழாகிவிட்டது. ஆறு மாதமாகக் காத்திருப்பவர்கள் அடியில், போன வாரம் வந்தவர்கள் மேலே. மேலாளர் எல்லார் முன்னாலும் சொன்னார்: “அந்தப் புரோகிராம்ல கடைசியா கை வச்சது நீங்கதான். இருபத்திரண்டு வருஷ அனுபவம் இதுக்குத்தானாம்மா?” “பார்க்கிறேன்” என்று மட்டும் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 5
மன்னிப்புக் கடிதத்தை அவர்களே அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கையெழுத்து மட்டும் நான் போட வேண்டுமாம். வீட்டில் இவர், “போட்டுத் தொலையேன், ரிட்டயராக இன்னும் மூணு வருஷம்தானே” என்கிறார். செய்யாத தப்பை மூணு வருஷம் தலையில தூக்கிட்டுத் திரியணுமா? முடியாது.

ஆனால் செய்யவில்லை என்று நிச்சயமாகத் தெரியுமா எனக்கு? அந்தச் சந்தேகத்தை விதைத்தார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 6
காலையிலேயே உத்தரவு: “திருத்தி சேவ் பண்ணிட்டு கடிதத்தைக் குடுங்க.” மெயின்ஃபிரேம் எடிட்டரில் பட்டியலை வரிசைப்படுத்தும் புரோகிராமைத் திறந்தேன். தேதி இறங்குவரிசையில் இருந்தது, புதியவர்கள் முதலில். அதை மூடாமலே, மேல் வரியில் ‘வியூ’ கட்டளை கொடுத்து, பிப்ரவரி 14இல் நான் ஒப்படைத்த பிரதியைப் பார்வைக்கு மட்டும் திறந்தேன். ஏறுவரிசை, பழையவர்கள் முதலில். திரும்பி வந்து இதைப் பார்த்தேன், மறுபடி அதை. நான்கு தடவை.

கோப்புப் பட்டியலில் கடைசியாக சேவ் செய்தவர் குறியீடு: மேலாளருடையது. பிப்ரவரி 17. கடைசியாகக் கை வைத்தது நான்தான் என்று அவர் சொன்னதை நம்பி, இதை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நான் இப்போது சேவ் செய்தால் அவர் குறியீடு அழிந்து என்னுடையது ஏறிவிடும். அதற்குத்தானா அந்த அவசரம்?

பட்டியலுக்காகக் கத்திக்கொண்டிருந்த தலைமை நர்ஸை அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினேன். “இதுக்கா நான் நோயாளிங்க வீடு வீடா போன் பண்ணி பொய் சொல்லிட்டிருக்கேன்?” என்றார். எல்லாத் திரைகளையும் அச்செடுத்து இருவரும் கையெழுத்திட்டோம். அதன்பிறகுதான் திருத்தி சேவ் செய்தேன். நோயாளிகள் காத்திருக்கக் கூடாது. கடிதத்தைக் கிழித்து மேலாளர் மேஜையில் வைத்தேன்.

மார்ச் 7
கடிதத்தைக் கிழித்ததை இவரிடம் சொன்னேன். சாப்பிட்டபின் என் தட்டையும் சேர்த்துக் கழுவினார்.

மார்ச் 21
அச்செடுத்த தாள்களை வைத்து விசாரணை நடக்கிறது. என்னை ஜன்னல் இல்லாத அறைக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றட்டும்.

மதியம் பக்கத்துப் பிரிவுப் பெண் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். “அக்கா, என் தலையிலயும் ஒரு தப்பைக் கட்டியிருக்காங்க. பழைய பிரதிய எப்படித் திறக்கிறதுன்னு காட்டுறீங்களா?”

கீபோர்டை அவள் பக்கம் தள்ளினேன்.