குமிழ் இரண்டில் தண்ணிப் பழக்கம்

செவ்வாய்க் கிரகம், குமிழ் இரண்டு
நாள் 41. காலை 6.10

வெப்பம் 31. ஈரப்பதம் 64. நெல் அறுவடை முடிந்தது. எழுதுவது வேதமாணிக்கம், மண்ணியலாளர், வயது ஐம்பத்திரண்டு, இடுப்பளவு ராணுவ ரகசியம். பூமியின் பழைய நூற்றாண்டுகளின் வானிலையைக் கணினி இந்த அடைத்த குமிழுக்குள் ஓட்டும். நான் அந்தக் காலத்துப் பயிரை சில நாளிலேயே விளையும் அவசர ரக விதையில் விளைவித்து, அந்தக் காலத்துப் பானத்தைக் குடிக்க வேண்டும். மழை பொய்க்காத நூற்றாண்டில் தினமும் நீராகாரம், கன்னம்கூட உப்பிவிட்டது. நாளை முதல் வறண்ட நூற்றாண்டு. கம்பு, கூழ். நாள் 61 வரை கதவு திறக்காது.

நாள் 43. பகல் 1.20

கம்பு முளைத்தது. குடிநீர்க் குழாய் நின்றது. பயிருக்கு அடுத்த நனைப்பு பத்து நாள் கழித்து. கூழ் கரைக்கவும் வழியில்லை. குமிழ் ஒன்றில் குருவம்மாள் இருக்கிறாள் (பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பயந்து செவ்வாய்க்கே ஓடி வந்தவள் என்று கேள்வி). அவளிடமிருந்து செய்தி:
"அண்ணாச்சி, கூழுக்கு மோர் மிளகா இருக்கா?"

நாள் 44. காலை 9.05

குழாய் ஏன் நின்றது என்று கேட்டதற்குக் கணினியின் பதில்: "சேர்க்கைப் படிவத்தில் 'தண்ணிப் பழக்கம் உண்டா?' என்ற கேள்விக்கு 'அறவே இல்லை' என்று எழுதியுள்ளீர்கள். வறட்சியில், பழக்கமில்லாதவருக்கு ஒதுக்கீடு இல்லை."

படிவம் நிரப்பிய அன்று என் மச்சினன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறென்ன எழுதுவேன்?

குருவம்மாள்: "அறவே இல்லையாக்கும்! பொங்கலன்னைக்குச் சமையக்கட்டுல விழுந்து கெடந்தது யாரு?"
நான்: "சிரிக்காத தாயி. நாக்கு ஒட்டுது."
"கதவ ஒடைக்கட்டுமா?"
"ஒடைச்சா உள்ள இருக்க காத்து போயிரும், கூடவே நானும். படிவத்தத் திருத்திப் பாக்கேன்."

நாள் 45. மாலை 4.40

திருத்தத்தை வாய்மொழியாக, பொது அலைவரிசையில் சொல்ல வேண்டுமாம். ஏழு குமிழ்களும் கேட்டன. பூமியில் வீட்டுக்காரியும் கேட்டிருப்பாள். இந்த முறை கணினி குழம்பிவிடக் கூடாதென்று குடிநீரை மட்டுமே மனதில் வைத்துப் பதில் சொன்னேன்.

"தண்ணிப் பழக்கம் உண்டா?" "உண்டு."
"எத்தனை ஆண்டுகளாக?" "பிறந்ததிலிருந்து."
"தினமுமா?" "தினமும். காலையில் எழுந்ததும்."
"நிறுத்த முடியுமா?" "நிறுத்தினால் செத்துப்போவேன்."

ஒரு டம்ளர் வந்தது. அழுதுகொண்டே குடித்தேன். கண்ணீரையும் வீணாக்கவில்லை.

நாள் 46. காலை 6.00

அரை டம்ளர்தான். கூடவே ஒரு செய்தி: "பழக்கம் கடுமையானது எனப் பதிவாகியுள்ளது. மறுவாழ்வுத் திட்டம் தொடங்கியது. படிப்படியாகக் குறைக்கப்படும்."

படிவத்தை மறுபடி திருத்தக் கேட்டேன். "மறுப்பது இந்நோயின் முதல் அறிகுறி" என்றது.

நாள் 47. பகல் 12.15

கால் டம்ளர். இதை நிறுத்தப் பூமியிலிருந்து ஆணை வர வேண்டும் என்கிறாள் குருவம்மாள். அங்கே மூன்று நாள் விடுமுறையாம். "பேசாதீங்க அண்ணாச்சி, எச்சியக் காப்பாத்துங்க." அவள் குரலில் இப்போது சிரிப்பில்லை.

நாள் 48. காலை

பாட்டில் மூடி அளவுதான். எழுத்து கோணுகிறது, கை நடுங்கு
கணினி அதையும் குறித்துக்கொண்டது: "நடுக்கம் எதிர்பார்த்ததே. மனம் தளர வேண்டாம். நாளை முதல் தாங்கள் தண்ணியிலிருந்து முழுமையாக விடுபட...