மூணு தரம் சொல்லியாகிவிட்டது

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

சங்கு எழுதுகிறேன். நீயும் அத்தானும் சுகம்தானே? கடைசியாக நான் உனக்குக் கடிதம் எழுதியது எப்போது என்று எனக்கே நினைவில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் என் குரலைக் கேட்டதுமே நீ கண்டுபிடித்து அழ ஆரம்பித்துவிடுவாய். மெசேஜ் அடித்தால் என் வீட்டுக்காரி கண்ணில் படும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நாலைந்து மாதமாகத் தொண்டை கரகரவென்று இருந்தது. காய்கறி மார்க்கெட்டில் விடிந்ததிலிருந்து ஏலம் கூவுகிறவனுக்குத் தொண்டை கட்டாமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் குரல் போய்ப் போய் வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு இழுத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். கேன்சர் என்று சொல்லிவிட்டார்கள் அக்கா. குரல்வளையில். எனக்குச் சங்கு என்று பெயர் வைத்தவள் நீ. இப்போது சங்குக்கே சங்கு ஊதியாகிவிட்டது.

டாக்டர் பேச ஆரம்பித்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இனி செய்ய ஒன்றும் இல்லை. முட்டைகோஸ் வியாபாரி ஒரு இலைப் பொடி கொடுத்திருக்கிறார், வெந்நீரில் கலந்து குடிக்கிறேன். வீட்டில் தொண்டைப் புண் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் வாயைத் திறக்காதே. உனக்குச் சொல்லாமல் போக மனசு வரவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் தம்பி,
சங்கு


பிப்ரவரி 11

என் சங்குக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். ரயிலில் குடையை விட்டுவிட்டு வந்த ஒருவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, குடை போனால் போகட்டும் என்று கிளம்பிவிட்டார். அவரைத் துரத்திப் பிடித்து குடையைக் கையில் கொடுத்துவிட்டு வந்துதான் மிச்சத்தைப் படித்தேன்.

அழுதது அன்றோடு சரி. இப்போது நான் கேட்பதற்கு ஒழுங்காகப் பதில் எழுது. எங்கள் தொலைந்த பொருள் பிரிவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "என் பை போச்சு, எல்லாம் போச்சு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். என்ன நிறம், எந்தப் பெட்டி, கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்பேன். பாதிப் பேருடைய பை எங்கள் பீரோவிலேயே இருக்கும்.

டாக்டர் என்ன சொன்னார்? நீ புரிந்துகொண்டது எனக்கு வேண்டாம். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை வேண்டும். "செய்ய ஒன்றும் இல்லை" என்று அவர் சொன்னாரா, நீயாகச் சொல்லிக்கொண்டாயா? பரிசோதனை ரிப்போர்ட்டின் நகலை அனுப்பு. அந்தப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று முட்டைகோஸ்காரருக்காவது தெரியுமா? தெரியாததைத் தொண்டைக்குள் போடாதே. குறைந்தபட்சம் டாக்டரிடம் காட்டிவிட்டுக் குடி.

கோபத்தோடும் அதைவிட அதிகமான பாசத்தோடும்,
அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள். ரிப்போர்ட் நகல் உள்ளே இருக்கிறது.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாய். அவர் நல்ல மனுஷர், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்களுக்கு இது மூணாவது ஸ்டேஜ்" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார், நர்ஸ்கூட வாசல்வரை ஓடி வந்தார். நான் திரும்பவே இல்லை.

இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? இத்தனை வருஷமாக நான் வாயால் பிழைப்பது இதை வைத்துத்தானே. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மூணு தரம் சொல்லிவிட்டால் கூடை கைமாறிவிட்டது. அதற்குமேல் எவன் வந்து கையைத் தூக்கினாலும் செல்லாது. என் தொழிலை என்னிடமே சொல்கிறார் டாக்டர், நான் என்ன பேரம் பேசுவது?

பயமாக இருக்கிறது அக்கா. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

சங்கு


பிப்ரவரி 25

அட மக்குத் தம்பிக்கு,

படித்துவிட்டுச் சிரித்தேன். அத்தான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, தம்பிக்கு இப்படி என்கிறாய், சிரிக்கிறாயே என்று கேட்டார். அவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவரும் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடேய், அது ஏலம் இல்லை. ஸ்டேஜ் என்றால் கட்டி எவ்வளவு பெரிது, எங்கே இருக்கிறது, எதுவரை பரவியிருக்கிறது என்று சொல்ல அவர்கள் வைத்துக்கொண்ட கணக்கு. எந்த வைத்தியம் செய்யலாம் என்று முடிவு எடுக்கத்தான் அந்த எண். மொத்தம் நாலு ஸ்டேஜ். நாலு தரம் கூவுகிற ஏலத்தை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

நானாகச் சொல்லவில்லை. நெட்டில் தேடினேன். முதலில் வந்ததெல்லாம் பொடி விற்கிறவனும் எண்ணெய் விற்கிறவனும்தான். ஒருவன் எலுமிச்சம்பழத்திலேயே எல்லாவற்றையும் கரைத்துவிட்டான். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன்: யார் எழுதியது, எப்போது எழுதியது, கடைசியில் எதையாவது நம் தலையில் கட்டப் பார்க்கிறார்களா என்று பார்ப்பது. அப்படிக் கழித்துக் கழித்து ஒரு புற்றுநோய் உதவிச் சங்கத்தின் எண் கிடைத்தது. போன் எடுத்த அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவராம். நான் அவசரப்பட்டாலும் அவர் அவசரப்படவில்லை. ரிப்போர்ட்டை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். மூணாவது ஸ்டேஜ் லேசானதில்லை, ஆனால் வைத்தியம் பார்க்கிற நோக்கமே குணப்படுத்துவதாக இருக்கலாம், உங்கள் தம்பியை உடனே டாக்டரிடம் திரும்பப் போகச் சொல்லுங்கள், மூச்சு இழுக்கிறது என்றால் தள்ளிப் போடவே கூடாது என்றார்.

போகும்போது கேட்க வேண்டியது: என்னென்ன வைத்தியம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் கிடைப்பது என்ன, இழப்பது என்ன, இன்னொரு டாக்டரிடமும் கேட்கலாமா. துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். பயத்தில் இருக்கிறவன் காதில் பாதிதான் விழுமாம். அது உண்மை என்பதற்கு நீயே சாட்சி.

அந்தத் துணை உன் வீட்டுக்காரிதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன்.

விடாத,
அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

சொன்னபடி செய்துவிட்டாய். அவள் நேராக மார்க்கெட்டுக்கே வந்துவிட்டாள். உருளைக்கிழங்கு ஏலம் பாதியில் நிற்கிறது, இவள் மூட்டைகளுக்கு நடுவில் வந்து நிற்கிறாள். அத்தனை வியாபாரிகள் முன்னால், "தொண்டை உங்களுது. அதோட குடும்பம் நடத்துறது நான். எங்கிட்ட மறைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று கேட்டாள். சத்தமே போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

டாக்டரிடம் போனோம். நீ சொன்னதெல்லாம் கேட்டாள். கட்டி பெரிதாகிவிட்டது, மூச்சு வழியை அடைக்கிறது, கதிர்வீச்சு மட்டும் என் விஷயத்தில் போதாது, குரல்வளையையே எடுப்பதுதான் நல்லது என்றார். வேறொரு டாக்டரும் அதையேதான் சொன்னார். கழுத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாக மூச்சு விட வேண்டுமாம்.

நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குரலை எடுத்துவிட்டு என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? வாயில்லாமல் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆளாக நான் இருக்க மாட்டேன். இருக்கிற வரை கூவிவிட்டுப் போகிறேன். உன் உதவிக்கு நன்றி. இனி எழுதாதே.

சங்கு


மார்ச் 15

சங்குக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். உன் வீட்டுக்காரியிடம் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்கப் போவதில்லை.

நேற்று நம் சங்கத்து அம்மா சொல்லி ஓர் இடத்துக்குப் போனேன். குரல்வளை எடுத்தவர்கள் மாதம் ஒரு தரம் கூடுகிற அறை. பிளாஸ்டிக் நாற்காலி, ஓரத்தில் டீ பிளாஸ்க், சுவரில் பழைய காலண்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் ஒரு துணி கட்டியிருந்தாள். அதன்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டு பேசினாள். உள்ளே மூச்சை வாய்ப் பக்கம் திருப்பிவிடுகிற ஒரு சின்ன வால்வு இருக்கிறதாம். இன்னொருவர் டார்ச் லைட் மாதிரி ஒன்றைத் தாடைக்குக் கீழே வைத்துப் பேசினார், வண்டு ரீங்கரிப்பது போல் இருந்தது. முதல் பத்து நிமிஷம் நான் யார் முகத்தையும் பார்க்காமல் அந்தக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண்ணிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். என் தம்பி ஏலம் போடுகிறவன், திரும்பப் போட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றாள். கத்த முடியாது, பாட முடியாது, கூட்டத்தில் ஒரு சண்டையில்கூட ஜெயிக்க முடியாது என்றாள். "ஆனா என் பக்கத்துல உட்கார்ந்து வண்டி ஓட்டுறவன் பிரேக்கை மறந்தா, நான் சொல்றது அவனுக்கு நல்லாவே கேக்குது" என்றாள்.

உன் ஏலக் குரல் திரும்பி வராது, சங்கு. அதற்கு நானும் அழுவேன். ஆனால் எனக்கு வேண்டியது தம்பி. குரல் எனக்கு அப்புறம்தான்.

உன் ஊரிலும் இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. வரும் சனிக்கிழமை, உன் ஆஸ்பத்திரியின் பின்கட்டு, இரண்டாம் மாடி. சங்குக்காக ஒரு சங்கம் காத்திருக்கிறது. போய் ஒரு மணி நேரம் உட்கார். அதற்கப்புறமும் மாட்டேன் என்றால், அது உன் முடிவு. அப்போதும் எழுதுவேன்.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன். இவள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வாசல்வரை வந்து திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். உள்ளே யாரோ சிரித்தார்கள். சத்தமே வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்குகிறது. அதைப் பார்க்கத்தான் உள்ளே போனேன்.

சிரித்தவர் பஸ் கண்டக்டர். குரல் போனபிறகு டிப்போவில் டிக்கெட் கணக்குப் பார்க்கிறாராம். முதல் ஆறு மாதம் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். அதை மறைக்காமல் சொன்னதால்தான் மற்றதையும் நம்பினேன். இவளை அந்தப் பக்கம் பெண்டாட்டிமார்களும் புருஷன்மார்களும் வளைத்துக்கொண்டார்கள். குளிக்கும்போது கழுத்து ஓட்டைக்குள் தண்ணீர் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, இருமினால் எதைத் துடைப்பது என்று எல்லாம் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியில், ஒரு மாதத்தில் முதல் தடவையாக நன்றாகப் பசிக்கிறது என்றாள். இவளும் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியவே இல்லை.

ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டேன். அடுத்த செவ்வாய். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் முன்கூட்டியே வந்து பார்த்துவிட்டாள்.

இவள் போனில் என் குரலைப் பதிந்து வைக்க வேண்டும் என்றாள். ஏலம் கூவவா என்று கேட்டேன். "அதை ஊரே கேட்டாச்சு. எனக்கு 'கதவைச் சாத்து', 'சாப்ட்டியா', அது போதும்" என்றாள். கதவைச் சாத்து என்று எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அன்றைக்குச் சொல்ல முடியவில்லை அக்கா. தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் சொன்னேன்.

உன் தம்பி,
சங்கு


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

கதிர்வீச்சும் முடிந்துவிட்டது. இப்போதைக்குச் சுத்தமாக இருக்கிறது, விடாமல் வந்து காட்ட வேண்டும் என்கிறார் டாக்டர். மார்க்கெட்டில் எடைமேடைப் பக்கம் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். என் இடத்தில் நிற்கிறவன் கூவுவது எனக்குப் பிடிக்கவில்லை. யார் கூவினாலும் பிடிக்காதுதான்.

நீ வந்து பார்த்தபோது ஊமையாகக் கிடந்தேன். இப்போது வால்வு பொருத்தி, விரலை வைத்து அழுத்திப் பேசப் பழகுகிறேன். வீட்டில் புரிகிறது. வெளியே முதல் போன் உனக்குத்தான் என்று இவளிடம் சொல்லியிருந்தேன்.

திங்கட்கிழமை உன் ஆபீஸுக்குப் போன் வந்ததே, அது நான். அக்கா என்று சொன்னேன். காக்கா கரைவது போல் வந்தது போலிருக்கிறது. "யாருங்க, விளையாட வேற ஆள் கிடைக்கலையா" என்று வைத்துவிட்டாய். மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும் வைத்துவிட்டாய்.

கோபமெல்லாம் இல்லை. நானாக இருந்தாலும் வைத்திருப்பேன். ஆனால் அதற்கப்புறம் யாரையும் கூப்பிடவில்லை. கடையில் கூட எழுதித்தான் காட்டுகிறேன். எழுதுவது எனக்கு நன்றாகவே வருகிறது, இதுவே போதும் என்று தோன்றுகிறது.

சங்கு


ஜூலை 26

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். குணமான பிறகு வீட்டுக்கு வெளியே நீ பேசிய முதல் வார்த்தை அக்கா. அதை நான் பாதியில் வெட்டிவிட்டேன். இரண்டு தடவை. எனக்கு அவமானமாக இருக்கிறது சங்கு, இதைவிட வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆனால் எழுதினாலே போதும் என்கிற கதை என்னிடம் வேண்டாம். நீ வாயைப் பழக்கிக்கொண்டாய். நான் காதைப் பழக்கிக்கொள்ளவில்லை. தப்பு அங்கேதான் இருக்கிறது. அதனால் நேற்று மறுபடியும் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி அறைக்குப் போனேன். எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், நீங்கள் பேசுங்கள், நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன் என்றேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அந்தப் பெண் சளைக்காமல் பேசினாள். அவள் கொழுந்தன் கல்யாணக் கதை முழுவதும் கேட்டேன். முதலில் பாதிதான் புரிந்தது. போகப்போக முக்கால்வாசி. கடைசியில் அவள் கொழுந்தனைத் திட்டியது ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

ஆபீஸில் என்னோடு இருக்கிற மூன்று பேரிடமும் சொல்லியிருக்கிறேன், இப்படி ஒரு குரல் வந்தால் என் தம்பி, உடனே என்னைக் கூப்பிடுங்கள் என்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருப்பேன். கூப்பிடு. நீ கூப்பிடவில்லை என்றால் நான் கூப்பிடுவேன். எடுத்ததும் அக்கா என்று சொல்லு. புரியவில்லை என்றால் இன்னொரு தடவை சொல்லு என்று கேட்பேன். எவ்வளவு நேரம் ஆனாலும் நான் வைக்க மாட்டேன்.

உன் அக்கா