மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய ஆறாவது பாட்டு

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நீங்கள் போன துக்கத்தில், காதும் மந்தமாகி, நான் அந்த ஜெர்மன் இரைச்சலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நம் குடியிருப்பில் பேச்சு. என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. துக்கம் இருக்கிறது, அதற்கு இந்த ஆல்பம் தேவையில்லை. நல்ல ஆல்பம், அதனால் கேட்கிறேன்.

இன்று காலை அதன் சிடி டப்பாவைத் திறந்தபோது உங்கள் சீருடையில் வரும் அதே கட்டிங் ஆயில் வாசனை. சிப்காட்டில் உங்கள் கம்பெனிக்குப் புது பிரஸ் மெஷின் நிறுவ வந்த ஜெர்மன்காரர் கிளம்பும்போது கொடுத்த ஆல்பம் அது. தரப் பரிசோதகராயிற்றே, நீங்கள் பாட்டையும் விட்டுவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ராயக்கோட்டை சாலையில் காரில் கேட்டுக்கொண்டே போய், உத்தனப்பள்ளி டீக்கடையில் தீர்ப்பு. அட்டையில் தேறிய பாட்டுக்குப் பச்சை ஸ்டிக்கர், தேறாததற்குச் சிவப்பு, முடிவாகாததற்கு மஞ்சள். இருவரும் ஒப்பாமல் மஞ்சளை மாற்றக் கூடாது.

டிரம் அடி ஓரிடத்திலும் பிசகாது. பாடகரின் உச்சரிப்போ, மொழி தெரியாத எனக்கே ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. கான்வென்ட்டில் எங்களைப் பாட வைத்துப் படுத்திய சிஸ்டர் அவருக்குத்தான் முதல் பரிசு கொடுத்திருப்பார். ஆனால் நடுவில் வரும் மூன்று பாட்டுகளும் ஒரே அச்சில் வார்த்தவை. கோபம் தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. பின்னால் பாடும் கூட்டம் சுருதி இறங்குகிறது. இதிலெல்லாம் நமக்குள் சண்டையில்லை.

சண்டை ஆறாவது பாட்டில் வரும் அந்தக் கரகரப்பால்.

"பேரிங் போன சத்தம் இது. ரிஜெக்ட்!"

"வேணும்னேதாங்க வெச்சிருக்காங்க."

"எவனாவது வேணும்னே பேரிங்கைக் கெடுப்பானா? கான்வென்ட்டம்மாவுக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்?"

"உங்களுக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்?"

"என்ன மேடம், சார் தோத்துட்டாரா?" என்றார் டீக்கடைக்காரர்.

"இன்னும் இல்லை" என்றேன். மஞ்சள் ஒட்டினோம். அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றீர்கள், அதற்குள் போய்விட்டீர்கள்.

இன்று மறுபடி கேட்டேன். கடைசியில் கரகரப்பு சட்டென்று நிற்கிறது; அது விட்ட சுருதியிலேயே பாடகர் குரலை எடுக்கிறார். பழுதான பேரிங் அப்படிச் சுருதி கொடுக்காது. நான் சொன்னதுதான் சரி.

பச்சை ஸ்டிக்கரை உரித்து அட்டை வரை கொண்டுபோனேன். ஒட்டவில்லை. எதிராளி வராததால் கிடைக்கும் வெற்றி எனக்கு வேண்டாம். உங்களோடு வாதாடி, நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு "சரி, பாஸ்" என்று சொன்ன பிறகு ஜெயித்துத்தான் எனக்குப் பழக்கம்.

என் காரணத்தைச் சொல்லிவிட்டேன். ஒப்புகிறீர்களா, மறுக்கிறீர்களா? தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்.