அறுபதாம் பிறந்தநாளுக்குத் தந்த ரை விஸ்கி

அண்ணை,

இன்று காலை ஊஸ்டரில், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில், ரை என்ற தானியத்தில் சுட்ட கறுத்த பாண் ரொட்டி ஒன்றை வெட்டினேன். கத்தி இறங்கியதும் மிளகுச் சாயல் கலந்த அந்தப் புளித்த மணம் எழும்பியது. மூன்று வருடங்களாக இந்த மணம் வந்தால் கத்தியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு விலகிப் போய்விடுவேன். இன்று போகவில்லை. முழுப் பாணையும் நானே வெட்டி முடித்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இந்த மணத்தை எனக்குப் பழக்கியவர் நீங்கள்தான். டாவோஸில் ஒரே ஹோட்டலில் கோப்பை கழுவிய காலத்தில், லீவு நாட்களில் மலிவு விஸ்கியைப் பங்கிட்டுக் குடித்தவர்கள் நாங்கள். பிறகு நீங்கள் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் பாருக்குப் போனீர்கள். நான் ஊஸ்டருக்கு வந்தேன். ஒரு மத்தியானம் உங்களைப் பார்க்க வந்தபோது, அமெரிக்கர் ஒருவருக்கு அவருடைய நாட்டு விஸ்கியின் வரலாற்றையே நீங்கள் விளக்கிக்கொண்டிருந்தீர்கள். அவர் போனதும் என் பக்கம் திரும்பினீர்கள்.

"உந்த ரை விஸ்கி அங்கை தன்பாட்டிலை வந்ததில்லை, ராசா. ஜெர்மனியிலையும் இந்தப் பக்கத்திலையும் இருந்து கப்பலேறின சனம்தான் ரையை விதைச்சு வடிக்கிற பழக்கத்தையும் கொண்டு போனது. எங்களை மாதிரி வெளிக்கிட்டுப் போன சனம்."

"இப்ப எல்லாரும் இதைத்தான் குடிக்கினமோ?"

"இல்லை. இடையிலை மதுவிலக்கு வந்து வடிசாலையளைப் பூட்டிப் போட்டாங்கள். திறந்தாப் பிறகு சனம் சோள விஸ்கிக்குப் போயிட்டுது. ரையைக் கன காலம் ஆரும் தேடேல்லை. இப்பதான் திரும்பத் தேடுகினம்."

உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாவில் வருடக்கணக்காகக் கிடந்துதான் அந்தச் செந்நிறம் வருகிறது என்றீர்கள். எனக்குக் கொஞ்சம் ஊற்றித் தந்தீர்கள். நீங்கள் முகர்ந்து பார்த்ததோடு சரி. வேலை நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதை மனதில் வைத்துத்தான் உங்கள் அறுபதாம் பிறந்தநாளுக்கு, பதினெட்டு வருடம் பீப்பாவில் கிடந்த ரை விஸ்கி ஒன்றைச் சூரிச்சில் கடை கடையாகத் தேடி வாங்கி வந்தேன். சுற்றியிருந்த தாளைப் பிரித்ததும் உங்கள் முகம் ஒரு கணம் அசையாமல் நின்றது. சமையலறை வாசலில் நின்ற உங்கள் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், உங்களைப் பார்த்தார். நீங்கள் உடனே சிரித்து, "இதை எங்கையடா பிடிச்சனி?" என்று கேட்டு என்னைக் கட்டிப் பிடித்தீர்கள். உங்களுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது என்ற பூரிப்போடு வீடு திரும்பினேன்.

அடுத்த வருடம் நீங்கள் போய்விட்டீர்கள். செத்தவீட்டில் உங்கள் சொந்தக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. "ஈரல் பழுதெண்டு டொக்டர் சொல்ல, குடியை அடியோட விட்ட மனுசன். கடைசியிலை ஆரோ திரும்பப் பழக்கிப் போட்டாங்கள் போலை."

அந்த 'ஆரோ' நான்தான் என்று முடிவு செய்துகொண்டேன். அக்காவின் முகத்தைப் பார்க்காமலே வெளியேறினேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வரவில்லை, ஆண்டுத் திவசங்களுக்கும் வரவில்லை. அவர் தொலைபேசி எடுத்தால் வேலை என்று சொல்லி வைத்துவிடுவேன்.

போன ஞாயிறு அவர் விடவில்லை. "தம்பி, நான் சின்ன வீட்டுக்கு மாறப் போறன். உங்கடை பொருள் ஒண்டு கிடக்கு. ஒருக்கா வந்து எடுங்கோ."

போனேன். தேத்தண்ணி தந்துவிட்டு அலுமாரியிலிருந்து அந்தப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். கழுத்தில் மெழுகு முத்திரை உடையாமல் இருந்தது. அதைத் தடவிப் பார்த்தபடி கேட்டேன்.

"அண்ணை இதைத் திறக்கேல்லையோ?"

"எங்கை திறந்தவர்? ஆரும் வந்தால் எடுத்துக் காட்டி, கப்பலேறின சனத்தின்ரை கதையைச் சொல்லுவார். பிறகு உள்ளுக்கை வைச்சிடுவார்."

செத்தவீட்டில் கேட்டதை அப்போதுதான் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். அக்கா கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"விசர்க் கதை. ஈரல் முந்தியே பழுதாப் போச்சுது. பதினொரு வருசம் ஒரு துளி தொடாமல் இருந்தபடியால்தான் அவ்வளவு காலமாவது இருந்தவர். உங்களுக்குச் சொல்லுவம் எண்டு நான் அப்பவே கேட்டனான். 'வேண்டாம், தெரிஞ்சால் அவன் மனம் நொந்து போவான்' எண்டிட்டார்."

மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். மூன்று வருடப் பாரம் இறங்கியதில் வந்த அழுகை அது. கொஞ்சம் வெட்கமும் இருந்தது. நான் நோகக்கூடாது என்று நீங்கள் மறைத்தீர்கள். நான் பழிக்குப் பயந்து அக்காவைத் தனியே விட்டிருந்தேன்.

போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பும்போது ரயிலில் நன்றாக நித்திரையாகிவிட்டேன். ஊஸ்டரைத் தாண்டிப் போய் வெட்சிக்கோனில்தான் விழித்தேன்.

உங்களை நினைத்தால் இப்போது முதலில் வருவது செத்தவீட்டுப் பேச்சு இல்லை. 'அவன் மனம் நொந்து போவான்' என்று நீங்கள் சொன்னதுதான் வருகிறது. அது என்னோடு இருக்கும், அண்ணை. சனிக்கிழமை அக்கா வீடு மாறுகிறார். கட்டிலைக் கழற்றி, புது வீட்டில் திரும்பப் பூட்டிக் கொடுக்க நான் போகிறேன்.