நாலு விரல் தள்ளி விழும் ஜன்னல்

கோவில்பட்டி,
ஐப்பசி 24.

அன்புள்ள சுந்தரேஸ்வரிக்கு,

சோலைராஜ் எழுதுவது. நான் சுகம், நம் வீட்டுச் சுவருக்குத்தான் சுகமில்லை. போனில் கேட்டால் எல்லாம் நல்லாயிருக்கு என்று என் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

மழை இந்த வருஷம் குறை வைக்கவில்லை. உளுந்து தளதளவென்று நிற்கிறது. தண்ணீரில் மூழ்கிய மோட்டாரெல்லாம் நம் கடைக்கு வந்துவிட்டன. எரிந்துபோன காயிலுக்கெல்லாம் புதுக் கம்பி சுற்றி மாளவில்லை.

சியோலுக்குப் போகும் முன் நம் முன்சுவரை ஒரு வாரம் டேப்பும் கையுமாக அளந்தாயே, கதவு, ஜன்னல், படி என்று ஒன்று விடாமல். அந்த அளவுக்குப் பொருத்தமாக நீ செய்துவைத்த படத்தை வெள்ளிதோறும் விளக்கு வைக்கிற நேரத்தில் புரொஜக்டர் வைத்துச் சுவரில் ஓடவிடுகிறேன். படியில் பருத்தி முளைக்கும், நிலைக்கு மேல் காய் வெடிக்கும், கடைசியில் நீயே ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்துச் சிரிப்பாய். அதற்காக இரண்டு வருஷமாக அந்த ஜன்னலை நான் திறக்கவில்லை. பொங்கலுக்கு வெள்ளையும் அடிக்கவில்லை. கோடையில் உள்ளே வெந்துபோனேன் என்பதை இப்போதுதான் சொல்கிறேன்.

போன வெள்ளி படம் பொருந்தவில்லை. நம் கரிசலின் குணம் உனக்குத் தெரியாததா? தண்ணீர் குடித்து உப்பி, சுவரின் ஒரு மூலையைத் தூக்கிவிட்டது. நீ திறக்கிற ஜன்னல் நிஜ ஜன்னலுக்கு நாலு விரல் தள்ளி விழுகிறது. எதிர்வீட்டு ரெங்கம்மாள் அத்தை, "ஏய்யா சோலை, ஒம் பொண்டாட்டி சன்னல விட்டுட்டு வெறுஞ்செவத்தத் தெறக்குதா பாரு" என்றார்கள். நானும் சிரித்துவைத்தேன். புரொஜக்டரை நகர்த்திப் பார்த்தேன். ஜன்னல் சேர்ந்தால் கதவு விலகுகிறது.

உன்னோடு மதுரையில் வேலை பார்த்த பேபியைக் கேட்டேன். "அதுக்கென்ன அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம வாரேன், கம்ப்யூட்டர்ல இழுத்துச் சரிபண்ணிருதேன்" என்றது. அரைமணி வேலைதானாம். வேண்டாம் என்றுவிட்டேன். வேறொருத்தி வந்து உன்னைச் சுவரில் சரியாக நிறுத்திவிட்டால், நான் இன்னும் இரண்டு வருஷம் அதையே பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன். அதற்குத்தான் பயந்தேன்.

கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றாய். உன் இஷ்டம் என்றேன். அது பொய். போடாதே சுந்தரி. நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. தொழிலை விடச் சொல்லவில்லை. படம் விழ இந்தப் பக்கமும் சுவர் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, பழைய மில் கட்டடம் இருக்கிறது.

நேற்று அந்த ஜன்னலைத் திறந்தேன். கீல் துருவேறி, சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் பஸ் நிற்கிற இடம் தெரியும் என்பதே மறந்துபோயிருந்தது. இனி மூடப்போவதில்லை.

செண்பகவல்லி அம்மன் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். டேப்பை மறந்துவிடாதே.

உன்,
சோலைராஜ்